வழியில் பிறந்தவர்கள்

அந்தத் துணை சுகாதார நிலையத்து நர்ஸுக்கு 'முட்டை சிஸ்டர்' என்று பெயர் வைத்தவர்கள் அவளோடு வேலை பார்த்த மற்ற நர்ஸுகள்தான். மாத அறிக்கையில் 'வீட்டில் பிறந்தவை' என்றொரு கட்டம் உண்டு. மூன்று வருஷமாக அவள் அதில் முட்டைதான் போட்டு வந்தாள். மற்றவர்களில் பலர் ஒன்று, இரண்டு என்று முனகிவிட்டு மெமோ வாங்கும்போது இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். அவளுக்கும் உள்ளூர அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அவள் பகுதியில் மட்டும் குழந்தைகள் வீட்டில் பிறக்காமலா இருந்தன? தாராளமாகப் பிறந்தன. வீட்டில் பிறந்தது என்று எழுதினால் நர்ஸுக்கு மெமோ, பெற்றவர்களுக்கு விசாரணை, பிறப்புச் சான்றிதழுக்கு எட்டு மாத நடை. அதனால் அவள் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பாள். பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, தாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவாள். பிறகு 'ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்' என்ற அடுத்த கட்டத்தில் எழுதிவிடுவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தாள். பதினேழு பிள்ளைகள் இப்படி அவள் கையெழுத்தில் வழியில் பிறந்தார்கள்.

தையல்காரியின் மூத்த பெண் அவர்களில் ஒருத்தி. தையல்காரிக்கு ஆஸ்பத்திரி என்றாலே குலை நடுங்கும். அவளுடைய அக்கா அங்கே வலியில் கத்தியதற்குத் தொடையில் அறை வாங்கியவள். "அப்ப இனிச்சுது, இப்ப வலிக்குதோன்னு கேட்டாங்களாம் சிஸ்டர். நான் செத்தாலும் அங்க போகமாட்டேன்" என்றாள். அதெல்லாம் சும்மா கதை என்று சிஸ்டரால் சொல்ல முடியவில்லை. அந்த வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வீட்டில் பிரசவம் பார்க்க நர்ஸுகளிடம் இருந்த பையையும், ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியையும் திரும்ப வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று பேச்சு. புதிதாக வந்திருந்த டாக்டர் பெண் விடவில்லை.

"வார்டுல மரியாதையா நடத்துங்க, எல்லாரும் வருவாங்க. அதுவரைக்கும் சில பேர் வீட்டுலதான் பெத்துக்குவாங்க சார். அவங்களுக்கு ஊசியாவது இருக்கட்டும்."

"பை கையில இருந்தா வீட்டுலயே பார்த்துக்கலாம்னு தைரியம் வந்துடும்" என்றார் அதிகாரி. "சரி, எங்க பெத்துக்கறாங்க, காட்டுங்க. இந்தம்மா பகுதியில மூணு வருஷமா ஒண்ணுகூட இல்லையே. என்ன சிஸ்டர்?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் பெண்ணும் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேலை போகும், பதினேழு சான்றிதழும் செல்லாமல் போகும். "ஆமா சார்" என்றாள் சிஸ்டர். அடுத்த வாரமே முட்டை போட்ட பகுதிகளிலிருந்து பையும் ஊசியும் திரும்பிப் போயின. அவள்தான் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் பகல் பதினோரு மணிக்குத் தையல்காரியின் புருஷன் போன் செய்தான். அவன் கொத்தனார். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள், நீங்க வாங்க என்றான். போகிற போக்கிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு சிஸ்டர் ஓடினாள். வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

பிள்ளை சுகமாகவே பிறந்தது. பையன். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி, வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். "இவன் அக்கா வந்ததைவிட வேகமா வந்துட்டான்" என்று தையல்காரி சிரித்தாள். நஞ்சுக்கொடி விழுந்தது. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை.

சிஸ்டர் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தாள். பிள்ளையை மாரில் போடச் சொன்னாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டாக்டர் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"ஊசி போட்டாச்சா?" என்றாள் டாக்டர்.

"ஊசி இல்ல டாக்டர். திருப்பிக் குடுத்துட்டேன்."

 "கையை எடுக்காதீங்க, அழுத்திக்கிட்டே இருங்க" என்று மட்டும் டாக்டர் சொன்னாள். சிஸ்டர் கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோதும் எடுக்கவில்லை, வண்டி ஓடும்போதும் எடுக்கவில்லை. "குளுருது சிஸ்டர்" என்றாள் தையல்காரி. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு இருக்கையில் அவள் மூச்சு நின்றது. ஒரே ஓர் ஊசி இருந்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாள். அது சிஸ்டருக்குத் தெரியும்.

எட்டாம் நாள் பிள்ளைக்கு எடை பார்க்கவும் பிறப்பைப் பதியவும் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்ன கொத்தனார், கண்ணெல்லாம் வீங்கி, ஆள் பாதியாகியிருந்தான்.

"நீங்க மட்டும் அன்னைக்கு ஓடி வரலைன்னா இவனும் போயிருப்பான் சிஸ்டர். உங்களைச் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றான்.

அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிவத்தைப் பிரித்தாள்.

"மூத்தவளுக்கு எழுதின மாதிரியே இவனுக்கும் வழியிலன்னு எழுதிடுங்க. சான்றிதழுக்கு அலைய என்கிட்ட தெம்பு இல்ல."

சிஸ்டர் பேனாவைத் திறந்தாள். சரி என்று சொல்லி இரண்டு வார்த்தை எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பாவி மனசு கேட்கவில்லை.

"அப்படி எழுதினதாலதான் ஊசி இல்லாம போச்சு" என்றாள். "இங்க யாரும் வீட்டுல பெத்துக்கறதில்லைன்னு என் கணக்கைக் காட்டித்தான் திரும்ப வாங்கினாங்க. கூட்டத்துல என்னைக் கேட்டாங்க. நான் ஆமான்னு சொன்னேன்."

 உள்ளே மூத்தவள் யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூத்தவளுக்கு நான்தானே உங்களை அப்படி எழுதச் சொன்னேன்" என்றான் கடைசியில்.

"எழுதினது நான்."

"கூட்டத்துல கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

 பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று சிஸ்டர் எழுதினாள்.  அவன் குனிந்து அதைப் படித்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டினான்.

"பிள்ளையைக் குடுங்க."

"இன்னும் எடை பார்க்கலை."

"குடுங்க சிஸ்டர்" என்றான் மறுபடியும்.