பார்க்கப் பார்க்கப் பின்தங்கிய நகல்

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி என்றது சம்பள ஆபீஸ் கம்ப்யூட்டர் திரை. வாங்கிய முன்பணத்தை முழுசாகக் கட்டிய பிறகும் அதே எண். தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். ஆனாலும் இந்த எண்ணைத் தப்பாகப் படிக்கவில்லை.

கிடங்கை மூடிவிட்டார்கள். பாக்கியில்லை என்று மெஷின் சொன்னால்தான் ஊருக்குப் போக கம்பெனி தரும் டிக்கெட் அச்சாகும். கூட மூட்டை தூக்கியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தங்கும் அறையில் சுருட்டிய மெத்தைகளும் நானும்தான். இருமினால் என் இருமலே எனக்குப் பதில் சொல்கிறது.

ஊரில் மனைவிக்குக் கண் ஆபரேஷன். போனில் பேசினாள்.

"செருப்பு எங்கன்னு தடவித் தடவித் தேடறேன். நீங்க அங்க மெஷினுக்குக் காவலா?"

"வந்துடறேன்."

"நேத்தும் இதைத்தானே சொன்னீங்க?" வைத்துவிட்டாள்.

மறுபடி சம்பள ஆபீசுக்கு நடந்தேன். போகாமல் அறையில் என்ன செய்ய?

"ஒரு தடவை பாருங்க சார்."

கணக்குக்காரர் நல்ல மனுஷர். முகம் சுளிக்காமல் தட்டினார். சக்கரம் சுற்றியது, சுற்றியது, அதே ஆறாயிரம்.

அடுத்த மேசையில் கம்ப்யூட்டர்காரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பணம் பெரிய மெஷின்ல ஏறியாச்சுங்க. இவரு பார்க்கறது அதோட நகலை. நகல் படுத்து இப்பதான் எழுந்திருக்கு, விட்டதையெல்லாம் வரிசையா எழுதிக்கிட்டு வருது. நடுவுல அது பதில் சொல்லலைன்னா பெரியது லைனை அறுத்துடும்."

"கோவக்கார மாமியார் போலிருக்கே."

"அதேதான்!" சிரித்தாள். "பொறுக்கிற நேரத்தைக் கூட்டியும் வச்சேன். அப்பவும் அறுக்குது. நகல் ஏன் வாயடைச்சு நிக்குதுன்னுதான் புரியலை."

நகலை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எதையோ திறந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது யாரு, மொத்த ஆளுங்க கணக்கையும் ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கறது?"

கணக்குக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "தனி ஆள் கணக்கு மட்டும் எடுக்க எனக்குத் தெரியாதும்மா. இந்த அண்ணன் தவிக்கறாரேன்னு அந்தப் பெரிய ரிப்போர்ட்டைத் தட்டிக்கிட்டிருந்தேன். இவரு வராதப்பவும்."

"நல்லாயிருக்கு போங்க! நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் அது எழுதற கையை நிறுத்திக்குது, பெரியதுக்குப் பதிலும் சொல்றதில்லை. படிக்கறவங்களுக்குத் தடை வேண்டாம்னு அப்படி வச்சதும் நான்தான்." ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டை நிறுத்தினாள். "நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

கணக்குக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். என் வாயை நான் எதற்கு அடியில் செருகுவது? வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

இத்தனை நாளும் போய்க் கேட்கவாவது ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மனைவியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். சொல்ல என்ன இருக்கிறது? பைக்குள் போட்டேன். முற்றத்தில் லாரி நிற்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மூட்டை தூக்கியபோதுகூட முதுகு இப்படி வலித்ததில்லை.

நிழல் சுவரேறிய பிறகு உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "நகல் பெரியதை எட்டிடுச்சு. இப்பப் பாருங்க, ஒரே ஒரு தடவை."

போய் நின்றேன். தட்டினார். எழுத்தெழுத்தாகப் படித்தேன்: பாக்கி, பூஜ்யம்.

பக்கத்தில் யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். கணக்குக்காரர் டிக்கெட் அச்சடிக்கத் தாள் தேடப் போயிருந்தார். அந்தம்மா வேறு ஏதோ லைனில் பேசிக்கொண்டிருந்தாள். பூஜ்யத்தை நானே இன்னொரு முறை படித்துக்கொண்டேன்.