அம்மா தொடக்கூடாத ஸ்லைம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். ரொட்டிக் கடையின் பின்பக்கத்தில் எனக்கு வேலை. மாவைப் பிசைய இயந்திரம் இருக்கிறது. ஆனால் பதம் பார்த்து, கடைசிப் பிசைவைக் கையால் போட்டு, உருட்டி வைப்பது நான்தான். பாதி பிசைந்த மாவைப் பார்த்துவிட்டு என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அது யாருடைய மேசையில் கிடந்தாலும் சரி. கூட வேலை செய்கிறவர்கள் நான் வருவதைக் கண்டாலே முதுகைத் திருப்பி மாவை மறைத்துக்கொள்வார்கள்.

என் மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தாள். பள்ளி மைதானத்தில் ஏறுகிற ஏணியின் உச்சியில் நின்று தோழிகளுக்கு டாட்டா காட்டி, அங்கிருந்து விழுந்தாள். வலது கையில் மணிக்கட்டோடு சேர்த்து உள்ளங்கை எலும்பும் உடைந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியதும் கட்டை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சூப்பரா சேர்ந்துடுச்சு" என்றார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. விரல்தான் மடங்கவில்லை. மடக்கினால் வலிக்கும் என்று பயந்து அவள் மடக்கவே இல்லை. கையைக் கவுன் பாக்கெட்டுக்குள் விட்டவள்தான், வெளியே எடுப்பதே கிடையாது. சாப்பாடு இடது கையில், பல் தேய்ப்பது இடது கையில், எழுத்தும் இடது கையில். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். பாக்கெட் இல்லாத உடுப்பைப் போட மாட்டேன் என்றாள். துணி துவைக்கும்போது பார்ப்பேன், எல்லா உடுப்பிலும் வலது பாக்கெட் மட்டும் தொளதொளவென்று தொங்கும்.

"கை வலிக்குதா?" என்று கேட்பேன்.

"இல்ல."

"அப்புறம் ஏன் பாக்கெட்டுலயே வச்சிருக்க?"

"சும்மா."

நாள் முழுக்க இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா நல்ல மாதிரி. ஒளிவு மறைவில்லாமல் பேசுவார். வாலுவை வெளியே மீன் தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "இப்ப மடக்கினா கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். மடக்காமலே விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் மயக்க மருந்து குடுத்து நாங்க மடக்க வேண்டியிருக்கும். அப்பவும் முழுசா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த தடவை வர்றப்ப என் விரலை அவ இறுக்கிப் பிடிக்கணும்."

பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அது வீட்டுக்கு வந்த அன்றே சோபாவுக்கு அடியில் போய்விட்டது. சரி, கடையிலிருந்து மாவு கொண்டுவந்து வைத்தேன். வாலு எட்டிப் பார்த்துவிட்டு, "அது உன் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாருடைய பிள்ளை, வாய் இல்லாமலா போகும்.

கடைசியில் வழி அவளே காட்டினாள். வகுப்பில் எல்லாரும் ஸ்லைம் என்று பிசைந்து விளையாடுகிற கொழகொழப் பசை வைத்திருக்கிறார்களாம். சாதா ஸ்லைம் இல்லை, நுரை போட்டுப் பஞ்சு மாதிரி உப்பி வருகிற ஸ்லைம். தனக்கும் வேண்டும், ரோஸ் கலரில் வேண்டும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பந்தை விட அது ரொம்ப நல்லது. நிறையப் பிசையட்டும்" என்றார். போனை வைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பிசைகிற விஷயம்தானே, அது நம் வீட்டு விஷயம்.

சாமானுக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார், ஷேவிங் நுரை டப்பா அங்கிருந்து வந்தது. சமையல் சோடாவும் கேக்குக்குப் போடுகிற ரோஸ் கலரும் என் பக்கம். வெள்ளைப் பசை பள்ளிக்கூடப் பையிலேயே இருந்தது. பசையைக் கெட்டிப்படுத்துவதற்குக் கண் லென்ஸ் கழுவுகிற தண்ணீர் வேண்டுமாம். அதை மட்டும் மருந்துக் கடையில் வாங்கினேன்.

விடுமுறை நாளில் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். வாலு இடது கையால் பசையைக் கிண்ணத்தில் ஊற்றினாள். இடது கையாலேயே நுரை டப்பாவை அழுத்தினாள். கிண்ணத்துக்கு மேலே குன்று மாதிரி நுரை ஏறியதும் கெக்கெக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. கலர் விட்டோம், சோடா ஒரு சிட்டிகை போட்டோம். கரண்டியைப் பிடித்துக் கிளற ஆரம்பித்தாள்.

மேலாகக் கிளறினாள். அடியில் பசை அப்படியே கிடந்தது.

"அப்படியில்லடி. அடியிலேர்ந்து எடுத்து மடிக்கணும். ஒரு நிமிஷம் குடு."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாம் போனது. அடியிலிருந்து மடித்தேன். லென்ஸ் தண்ணீரைத் துளித் துளியாகத்தான் விட வேண்டும் என்று வாலு வகுப்பில் கேட்டு வந்து சொல்லியிருந்தாள். மாவுக்குத் தண்ணீர் விட நான் எந்தக் காலத்தில் அளவு பார்த்தேன்? கைக்குப் பதம் தெரியும் என்று சாய்த்துச் சாய்த்து விட்டேன். கிண்ணத்தின் ஓரத்தை விட்டுக் கலவை பிரிந்து வந்ததும் மேசையில் போட்டேன். பிசைந்தேன். முதலில் கையில் ஒட்டியது, பிசையப் பிசைய ஒட்டு விட்டது. இழுத்தால் கிழியாமல் வந்தது, அமுக்கினால் பொசுபொசுவென்று உள்ளே போய் மெல்ல எழுந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கும் மாவைப் பிசைந்ததில்லை. உருட்டி, ஓரங்களை அடியில் மடித்து, வழவழவென்று ஒரு உருண்டையாக அவள் முன்னால் வைத்தேன்.

வாலு இடது கை ஆள்காட்டி விரலால் அதை ஒரு குத்து குத்தினாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். பிறகு எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டாள். வலது கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமாதமா வந்திருக்கு" என்றார். "கை சரியாக வேண்டியது யாருக்கு? உனக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அவரிடம் காட்ட முடியாத கோபத்தைப் பிள்ளையிடம் காட்டினேன். "உனக்காகத்தானே இவ்வளவும். வந்து ரெண்டு தடவை அமுக்கினா என்ன கொறஞ்சா போயிடுவ?" என்று டிவியை விடப் பெரிய சத்தத்தில் கேட்டேன். அவள் அழவில்லை. கையைப் பாக்கெட்டில் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. போட்டாகிவிட்டது.

அவள் படுத்த பிறகு மேசையில் பேசிக்கொண்டிருந்தோம். மயக்க மருந்து என்ற வார்த்தையை நான் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. சின்னக் கை, அதை யாரோ மேசையில் வைத்து மடக்குவார்கள், அப்படியும் வராமல் போகலாம்.

"பேசுறதெல்லாம் சரி, இப்பவும் யார் பிசையறா பாரு" என்றார் அவர்.

குனிந்து பார்த்தால் ஸ்லைம் என் கையில் இருந்தது.

"என் நாற்காலியில உட்கார்றவங்களுக்குப் போர்வை போத்திடுவேன்ல," என்றார், "கை உள்ள மாட்டிக்கும். மூக்கு எவ்வளவு அரிச்சாலும் வெளிய எடுக்காம உட்கார்ந்திருப்பாங்க. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் உட்கார்றாங்க. உன்னால முடியாதா?"

"எனக்கும் போர்வை போத்தப் போறீங்களா?"

"தேவைப்பட்டா கட்டியே போட்டுடுறேன்."

மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்து ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, வாலு வாசலிலேயே நின்றாள். "எனக்கு வேற ஸ்லைம் வேணும்" என்றாள்.

"நேத்து செஞ்சது என்னாச்சு?"

"அது உன்னோடது. எனக்கு என்னோடது வேணும். நீ தொடக்கூடாது."

உள்ளே இருந்து வீட்டுக்காரர் இருமுகிற சத்தம் கேட்டது. இருமலாவது ஒன்றாவது, சிரிப்புதான்.

நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏப்ரனுக்கு முன்னால் பெரிய பாக்கெட் உண்டு. இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொண்டேன். அவள் பசையை ஊற்றினாள், கிண்ணத்தில் பாதியும் மேசையில் மீதியுமாக. நுரையை அழுத்தினாள். கலர் கூடிப்போய் ரோஸ் என்பது ரத்தச் சிவப்பாகியது. சோடாவைச் சிட்டிகைக்குப் பதில் குவியலாகப் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. லென்ஸ் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தாள். கொஞ்சம் சொட்டி நின்றுவிட்டது. நேற்று நான் சாய்த்துச் சாய்த்து விட்டதில் தீர்ந்து போயிருந்தது.

"போதுமாம்மா?"

"கெட்டியாக நேரமாகும். நல்லாப் பிசைஞ்சா வந்துடும்" என்றேன். எனக்கே அவ்வளவு நிச்சயமில்லை.

இடது கையைக் கிண்ணத்துக்குள் விட்டாள். கலவை இன்னும் குழகுழவென்றுதான் இருந்தது. கையை எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு கிண்ணமே கூட வந்தது. உதறினாள், போகவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் தேய்த்தாள், மணிக்கட்டு வரை ஏறியது. மேசையில் தேய்த்தாள், மேசையும் ஒட்டிக்கொண்டது. நூல் நூலாக இழுத்துக்கொண்டு, ஐந்து விரலும் ஒன்றாகிப் போய், கையில் சிவப்பாக ஒரு கூடு கட்டின மாதிரி நின்றாள்.

"அம்மா, எடுத்து விடு."

என் கை ஏப்ரனுக்குள் துடித்தது. கொஞ்சம் சோடாவைத் தொட்டு, உள்ளங்கையால் உருட்டி எடுத்தால் அரை நிமிஷ வேலை. கதவுப் பக்கம் பார்த்தேன். வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"நீதானே தொடக்கூடாதுன்னு சொன்ன" என்றேன்.

"இப்ப தொடலாம். எடுத்து விடும்மா, ஒட்டுது."

"ஒட்டறதை இன்னொரு கையாலதான் எடுக்கணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற தாயைப் பார்க்கிற பார்வை இல்லை அது. உதடு பிதுங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ ரொம்ப மோசம்" என்றாள். நான் ஆமாம் என்றேன். எழுந்து ஓடி அந்தக் கையைக் கழுவி விட்டுவிடலாம், நாளைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் இதையேதான் நினைப்பேன் என்றும் தெரிந்தது. ஏப்ரனுக்குள் ஒரு கையால் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாலு அழுதபடியே வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தாள்.

இவ்வளவு நாளும் உள்ளேயே இருந்து அந்தக் கை வெளுத்து, மெலிந்து போயிருந்தது. விரல்களை நீட்டியபடியே, பலகையால் வழிக்கிற மாதிரி இடது கையை வழித்தாள். வரவில்லை. மறுபடி வழித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது. என் கோபம்தானே அது, எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்லைமை ஒரு பிடி பிடித்து இழுத்தாள். "ஆ" என்றாள். விட்டாள். கையைப் பார்த்தாள். திரும்பவும் பிடித்தாள்.

"வலிக்குது."

"தெரியும்மா. இழுத்து மடி. மடிச்சு அமுக்கு. உள்ளங்கையோட அடியால."

"நீ பேசாத."

இழுத்தாள், மடித்தாள், அமுக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அமுக்கினாள். ஒட்டின ஸ்லைம் இப்போது இரண்டு கையிலும் ஒட்டியது, இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துத்தான் விடுபட வேண்டியிருந்தது. வெகு நேரம் அப்படியே போனது. அழுகை எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை, என் கண் அந்த வலது கை மேலேயே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நன்றாக வளைந்தன. மற்றதெல்லாம் அரையும் குறையுமாக. கட்டை விரல் முரண்டு பிடித்தது. ஆனால் வளைந்தது. மெல்ல மெல்ல விரல்களிலிருந்து ஸ்லைம் கழன்று, மேசையிலிருந்து பெயர்ந்து, ஒரு கட்டியாகச் சேர்ந்துவிட்டது.

அழகென்று அதைச் சொல்ல முடியாது. நுரை செத்து, சோடாக் கட்டி அங்கங்கே வெள்ளையாகத் தெரிய, ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சப்பையாக இருந்தது. கடையில் இப்படி ஒன்றை நான் உருட்டி வைத்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். வாலு அதை வலது கையில் எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். கையைத் திறந்து காட்டினாள். நான்கு விரலும் கட்டை விரலும் பதிந்திருந்தன. சுண்டு விரலின் தடம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது, ஆனாலும் இருந்தது. பார்க்கப் பார்க்க ஸ்லைம் மெல்ல எழும்பித் தடங்களை மூடிவிட்டது. அவள் சளைக்காமல் மறுபடியும் அமுக்கினாள்.

வீட்டுக்காரர் கதவிலிருந்து நகர்ந்து உள்ளே போய்விட்டார். குழாயைத் திறந்து முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. ஓரத்தில் ஒரு இடம் சரியாக மடியாமல் பிளந்து கிடந்தது, அது என் கண்ணை உறுத்தியது, இருந்தும் அசையவில்லை.

வாலு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு என் ஏப்ரனைப் பார்த்தாள்.

"கை வலிக்குதாம்மா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பாக்கெட்டுலயே வச்சிருக்க?"

"சும்மா" என்றேன்.