இந்தப் பெட்டிக்குள் மட்டும்

மாமியார் அனார்கான் அபா மாவு ஒட்டிய கையோடு சைகலின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோது கணினித் திரையில் அவர்களுடைய வீடு இருந்தது. நீலக் கேட், முற்றத்துத் திராட்சைப் பந்தல், பனியின் பாரத்தில் நெளிந்துபோன கூரைத் தகரம் எல்லாம் அப்படியே. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'விற்பனைக்கு' என்றிருந்தது. அபாவுக்கு அந்த ஒரு சொல்லைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"இது யாரு வீடு?"

சைகல் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இணையப் பக்கம் செய்யக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்பில் சேர்ந்த பிறகு அவள் செய்ததில் பார்க்கிற மாதிரி அமைந்த முதல் பக்கம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். அபாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டிருக்க வேண்டும். கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டே, "சிரிக்கிறியா," என்றாள். கூடத்துக்குப் போய் மூத்த மகன் ஜெனிஷுக்குப் போன் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. மருமகள் காதில் விழட்டும் என்றுதான் பேசினாள்.

தலைநகர் பிஷ்கெக்கின் விளிம்பில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அந்தப்பக்கம் இருந்த வீடு அது. மாமனார் தன் கையால் மண்கல் அறுத்துக் கட்டியது. அவர் போன பிறகு வீடு இளைய மகன், சைகலின் கணவன் மெதெரின் பேருக்கு வந்தது. கடைசி மகனுக்கு வீடு, வீட்டோடு சேர்த்து அம்மாவும் என்பதுதான் வழக்கம். ஜெனிஷுக்கு அதில் வருத்தம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், ஜெனிஷைத் தவிர.

தான் ஓட்டும் டாக்ஸியை வாசலிலேயே விட்டுவிட்டு ஜெனிஷ் வந்தான். ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்ன சைகல், வீட்டை ஏலம் விட்டுட்டியாமே."

"பயிற்சிக்குப் பண்ணினது பைகே," என்றாள் சைகல். கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். "வீடு விக்கிற மாதிரி ஒரு பக்கம் பண்ணிட்டு வரச் சொன்னாங்க. வெளியில யாருக்கும் தெரியாது."

"இணையத்துல போட்டா உலகமே பாக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காத."

"இது இணையத்துல இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள மட்டும் ஓடுது."

திரையின் ஓரத்தில் கறுப்புச் சாளரம் ஒன்று திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு கட்டளை அடித்தால் போதும், கணினிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். செய்கிற பக்கத்தைச் செய்கிறவளுக்கு மட்டும் காட்டும். சாளரத்தை மூடினால் போய்விடும். பக்கத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் கறுப்பில் ஒரு வெள்ளை வரி வந்து விழும். சைகல் புதுப்பித்துக் காட்டினாள். வரி விழுந்தது. அபா விரலை நீட்டினாள்.

"இது யாரு வந்தது?"

"யாரும் வரல அபா. நான்தான்."

"நீதான் இங்க உக்காந்திருக்கியே. நீ எதுக்கு உள்ள வரணும்?"

ஜெனிஷ் சோதித்துப் பார்ப்போம் என்றான். ஓஷ் நகரத்தில் செல்போன் கடை வைத்திருந்த கூட்டாளியைக் கூப்பிட்டு, திரையின் மேலே இருந்த முகவரியை எண் எண்ணாகப் படித்தான். புள்ளியைக்கூட விடவில்லை. கூட்டாளி அந்தப் பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலடா. இது என் கம்ப்யூட்டர் முகவரியேதான். என்னையே நான் தேடணுமாக்கும். குடிச்சிருக்கியா?" என்றான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"எல்லார் பெட்டிக்கும் அதே முகவரிதான் பைகே. அவங்க அவங்க பெட்டிக்கு உள்ளயே திரும்பி வந்துடும்," என்றாள் சைகல்.

"அவனுக்குத் தெரியலைன்னா," என்றாள் அபா, "தெரியவேண்டியவங்களுக்கு மட்டும் தெரியும்படி வச்சிருப்பா."

ஜெனிஷ் சிரித்தான். மூன்று வருஷமாக இந்த வீட்டில் முதலில் எழுந்தவள் சைகல். கடைசியாகச் சாப்பிட்டவளும் அவள்தான். இருந்தும் ஒரு முகவரியை வைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. கணினியை அபாவின் பக்கம் திருப்பினாள். "பாத்துக்குங்க அபா. எல்லாத்தையும் பாத்துக்குங்க."

அவள் படங்களைப் பெரிதாக்கிக் காட்ட ஆரம்பித்தாள். கேட். கூடம். சமையலறை. அபாவின் அறை. அந்தப் படத்தில் மெத்தைகள் சீராக அடுக்கியிருந்தன, ஜன்னல் திரை ஒதுக்கியிருந்தது, தரையில் ஒரு செருப்புகூட இல்லை. சுவரில் மாமனாரின் படமும் இல்லை. எப்போதும் அது மாட்டியிருக்கிற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது.

அபா குனிந்தாள்.

"இதை எப்ப எடுத்த?"

"நான் எடுக்கல. கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் சைகலே அதை யோசித்தாள். அந்த மடிக்கணினி மெதெருடையது, பழசு. அவன் போனில் எடுக்கிற படங்கள் தாமாகவே அதில் வந்து விழும். வகுப்புக்கு ஒரு வீட்டுப் படம் தேவைப்பட்டது, தேடினாள், கிடைத்தது. ஜன்னல் மாட்டுகிற வேலையில் இருப்பவன், எதற்காகவோ எடுத்திருப்பான் என்று விட்டுவிட்டாள். சின்னதாக்கி ஒட்டியதில் சுவரை அவள் கவனிக்கவேயில்லை. இப்போது பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பந்தலில் இலைகள் மஞ்சளாக இருந்தன. போன இலையுதிர்காலம். அவளும் அபாவும் கொச்கோர் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வேலை இருக்கிறது என்று மெதெர் வரவில்லை.

அபாவும் பந்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தது?" என்றான் ஜெனிஷ்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் அபா. "சுண்ணாம்பு அடிக்கிறவன்கிட்ட காட்டணும்னு. மறந்தே போச்சு."

"காலைல போன்ல வேற மாதிரி சொன்னீங்களே."

"வயசாயிடுச்சு. உனக்கும் ஆகும். போ, வண்டியை வாசல்ல போட்டு வச்சிருக்க, குப்பை வண்டிக்காரன் கத்துவான்."

ஜெனிஷ் சைகலைப் பார்த்தான். சைகல் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் நம்பவில்லை. ஆனாலும் ஷூவைப் போட்டுக்கொண்டு போனான். டாக்ஸி கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.

இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள். அபா மெதுவாகக் கேட்டாள்.

"உங்கிட்ட எதாவது சொன்னானா?"

"இல்ல அபா."

"பொண்டாட்டிகிட்ட சொல்லாமயா?"

"எங்கிட்ட எதுவும் சொல்லல."

அபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சைகலுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களாக மெதெர் போன் வந்தால் எழுந்து வாசல் கேட் பக்கம் போய்விடுகிறான். போனைக் கவிழ்த்து வைக்கிறான். ஒரு பெண்ணாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படியென்றால் என்ன பேசுவது, எந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். வீடு என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. விற்றுவிட்டு எங்கே போவான்? அந்த இடத்தில் தனக்கு ஒரு கட்டில் போடுவானா, தன்னையும் அம்மாவோடு சேர்த்து விட்டுவிட்டுப் போவானா?

"மூடிடவா அபா?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

இருவரும் சேர்ந்து மாவைத் திரட்டி ரொட்டி சுட்டார்கள். அபா மேசையில் துணி விரித்தாள். ஜாம், வெண்ணெய், ரொட்டி எல்லாவற்றையும் வைத்தாள். நடுவில் கணினியையும் வைத்தாள், திரை வாசலைப் பார்க்கும்படி. வெயில் சாயும் நேரத்தில் மெதெர் வந்தான். முழங்கையில் ஜன்னல் பசை காய்ந்திருந்தது. "பசிக்குது," என்றபடி உள்ளே வந்தவன் திரையைப் பார்த்தான். நின்றான்.

அபா ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்தாள்.

"இதை யாரு போட்டது?" என்றான். "நான் சொல்றவரைக்கும் போட வேணாம்னுதானே அந்த ஆள்கிட்ட..."

பாதியில் நிறுத்தினான். அம்மாவைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். இதை யாரும் எங்கேயும் போடவில்லை, இது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல சைகல் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

"எந்த ஆளுப்பா?" என்றாள் அபா.

"அபா, நான் உங்ககிட்ட பேசலாம்னுதான் இருந்தேன்."

"உக்காரு. களைச்சு வந்திருக்க."

அவன் உட்கார்ந்தான். அபா தேநீர்க் குடுவையை எடுத்து அவனுடைய கிண்ணத்தில் ஊற்றத் தொடங்கினாள். அவர்கள் வீடுகளில் கிண்ணத்தை ஒருபோதும் நிரப்புவதில்லை. கொஞ்சமாக ஊற்றி, தீரத் தீர ஊற்றி, ஆளை உட்கார வைத்திருப்பார்கள். நிரப்பிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். மெதெர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தேநீர் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. அபாவின் கை நிமிரவில்லை. ஆவி அவள் முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.