வாசலுக்கு வெளியே

சவப்பெட்டியைச் சுமந்து வந்த நால்வரும் கோவில் வாசற்படியில் கால் வைக்கப் போனபோது ஃபெலிசா தன் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள்.

"இங்கயே இறக்குங்க."

பெட்டிக்குள் இருந்தவன் அவள் தம்பி மார்சியானோ. எண்ணூறு வருஷத்துக் கோவில் அது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வளைவைத் தாங்கும் தூணின் தலைக்கல்லில், சிங்கத்தின் வாயைப் பிளக்கும் ஒருவனைச் செதுக்கியிருந்தார்கள். கூரை ஒழுகிய காலத்தில், அப்போதிருந்த பங்குச்சாமி அதைப் பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்தார். ஊரே சரியென்று தலையாட்டியது. கல் திரும்பி வரும்வரை உள்ளே கால் வைப்பதில்லை என்று மார்சியானோ மட்டும் எல்லார் முன்னாலும் சொன்னான். அன்றுமுதல் ஞாயிறுதோறும் வாசலுக்கு வெளியே உள்ள தெற்குத் தாழ்வாரத்தில், தூண்களுக்கு நடுவே, தொப்பியைக் கழற்றியபடி நின்றே பூசை கேட்டான். மகனின் ஞானஸ்நானத்துக்கும் அங்கேதான் நின்றான். கல் வரவேயில்லை.

அந்த மகன் ஆந்தேரோ, தான் வேலை பார்க்கும் புர்கோஸ் நகரத்திலிருந்து தன் முதலாளியையும் அழைத்து வந்திருந்தான். ஆந்தேரோவின் முகம் சிவந்துவிட்டது.

"அத்தை, இன்னிக்காவது அப்பா உள்ள வரட்டுமே. எனக்காக."

கடைசிச் சொல் அவளை ஒரு கணம் உலுக்கியது. கோல் மட்டும் அசையவில்லை.

இளம் பங்குச்சாமி எலோய் வெளியே வந்தார். அடக்கப் பூசை உள்ளேதான் நடக்க வேண்டும் என்ற முறையை எடுத்துச் சொன்னார், குளிரைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவங்களுக்குச் சபதம் ஏதும்மா? அது அவரோட முடிஞ்சுபோச்சு."

"அவனால இனிமே காப்பாத்த முடியாது சாமி. அதனாலதான் நான் நிக்கிறேன்."

பக்கத்து வீட்டுக் கசில்டா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "செத்தும் நம்மளக் குளிர்ல நிக்க வைக்கிறான் பாரு, உன் தம்பி."

"குளிருதுன்னா உள்ள போய் உக்காரு. உன்னை யாரும் கட்டிப்போடல."

கசில்டா போகவில்லை.

எலோய் திரும்பி, உள்ளே வளைவின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தெரிந்த சிமெண்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, வெளியிலேயே பூசை வைக்க, உள்ளறையில் இருக்கும் சின்ன மேசையை எடுத்துவரச் சொன்னார். ஆந்தேரோ முதலாளியின் பக்கம் பார்க்காமல் உள்ளே போய், அதைத் தானே தூக்கி வந்தான்.

பெட்டி தாழ்வாரத்தில் இறங்கியது. மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியைக் காற்று தூக்கியடித்தது. கசில்டா சுவரோரம் கிடந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி மூலைக்கொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். கடைசி மூலைக்கு எதுவும் அகப்படவில்லை.

ஃபெலிசா அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். பூசை முடியும்வரை கையை எடுக்கவில்லை.