ஒரே கணக்கு, நான்கு விடை

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கணினி தந்த எண்ணைப் பார்த்ததும் கிருஷாந்திக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்று தசம் நாலு. மலை நிற்கும் என்று அர்த்தம்.

பிறகுதான் ஜன்னலைப் பார்த்தாள். நான்கு நாளாக விடாத மழை. பதுளை டவுனே கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த மழைக்கு எப்படி ஒன்று தசம் நாலு?

மண்சரிவைக் கண்காணிக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் இரண்டே பேர். கணினி வேலை கிருஷாந்திக்கு, பொறுப்பு நப்ரீஸுக்கு. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் சரிவில் ஆறு கருவிகளைப் புதைத்திருந்தார்கள். மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை அவை மணிக்கொரு தடவை அனுப்பும். அதை வைத்துக் கணினி பல்லாயிரம் சமன்பாடுகளைத் தீர்த்து ஓர் எண்ணைச் சொல்லும். ஒன்று தசம் ஒன்றுக்குக் கீழே வந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் மலை நிற்காது.

சரிவின் அடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயம், குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். ஐந்தாவது காம்பராவில் அவளுடைய அக்கா நேசராணி புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள்.

கிருஷாந்தி அதே தரவைக் கொடுத்து மறுபடியும் ஓட்டினாள். இருபது நிமிடத்தில் விடை வந்தது. ஒன்று தசம் ஒன்று ஏழு.

 உள்ளே போனது ஒரே தரவு. எதையும் அவள் தொடவில்லை. மூன்றாவது தடவை ஒன்று தசம் மூன்று எட்டு. நான்காவது தடவை ஒன்று தசம் இரண்டு.

போன வெள்ளிக்கிழமைதான் அவள் கணினியில் ஒரு மாற்றம் செய்திருந்தாள். சமன்பாடுகளைத் தீர்க்க லினக்ஸோடு வந்த சாதாரண கணித லைப்ரரியில் ஒரு கணக்குக்கு மூன்று மணித்தியாலம் போனது. மழைக்காலத்தில் மூன்று மணித்தியாலம் அதிகம். அதனால் வேகமான வேறொரு லைப்ரரியின் மூல நிரலை இறக்கி, இந்தக் கணினியின் பிராசஸருக்கென்றே ஓடும் நிரலாக மாற்றி, அதாவது கம்பைல் செய்து, போட்டாள். மூன்று மணித்தியாலம் இருபது நிமிடமானது. நப்ரீஸ் சந்தோஷப்பட்டு பக்கத்துக் கடையில் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆறு நாளாகப் போன அறிக்கைகள் எல்லாம் இந்த லைப்ரரி போட்ட கணக்கு.

லைப்ரரியோடு வந்த சோதனைகளை ஓட்டிப் பார்த்தாள். எல்லாமே பாஸ். பிழை வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"என்னா கிருஷாந்தி, முகமே சரியில்ல?" நப்ரீஸ் பக்கத்தில் வந்து நின்றார். "நாலு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். எந்த நம்பர எழுதுறது?"

"எழுத வேணாம் சேர். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்னு சொல்லுது. எங்க நம்பர நம்ப ஏலாதுன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா நம்மள என்னா நெனப்பாங்க? போன மாசம் ஆக்கள எறக்கி ஒண்ணும் விழல்ல. தோட்டத்துல இன்னும் கோவமா இருக்காங்க."

"தெரியும் சேர். ஆனா நமக்கு இப்ப எதுவுமே தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்லணும்."

 அவர் மேசைக்குப் போய் அப்படியே எழுத உட்கார்ந்தார்.

கிருஷாந்தி அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பிள்ளைகள கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போ. லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லு. இப்பவே."

"ஏன்டி, மறுபடியுமா? போன மாசமும் ரெண்டு நாள் ஸ்கூல் தரையில கெடந்தோம். கேட்டா என்னான்னு சொல்றது?"

"என் தங்கச்சி மெஷின்ல பெழ வச்சிட்டா, மல நிக்குமா விழுமான்னு இப்ப யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு."



"நீ அழுறியா?"

"போக்கா."

போனை வைத்துவிட்டுக் கம்பைல் செய்தபோது தான் கொடுத்த கட்டளைகளை வரிவரியாகப் படித்தாள்.  பிழை மூன்றாவது வரியில் இருந்தது. சரிவை நான்கு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் கணக்குப் போடுவது அவர்களுடைய நிரலின் வேலை. அதனால் லைப்ரரியும் வேலையைப் பிரிக்க வேண்டாம் என்று அந்த வசதியை நிறுத்தியிருந்தாள். அப்படி நிறுத்தினால், ஒரு துண்டின் கணக்கு எழுதி முடியும்வரை மற்றதைக் காக்க வைக்கும் பூட்டு ஒன்றைத் தனியாகப் போடச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவில்லை. ஒரே பலகையில் நான்கு பேர் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்த கதைதான் உள்ளே நடந்திருக்கிறது. சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபவை. அதனால்தான் அவற்றில் எதுவும் அகப்படவில்லை.

பூட்டைச் சேர்த்து மறுபடியும் கம்பைல் செய்தாள். திரையில் வரிகள் ஓடின. மின்விளக்கு ஒரு தடவை மங்கி மறுபடி எரிந்தது. எல்லாம் முடிந்து முதல் விடை வர நாலரை ஆனது.

ஒன்று தசம் பூச்சியம் மூன்று.

இன்னொரு தடவை ஓட்டினாள். அதே ஒன்று தசம் பூச்சியம் மூன்று. நப்ரீஸ் உடனே தொலைபேசியை எடுத்து மேலிடத்துக்குச் சொன்னார்.

கிருஷாந்தி அக்காவின் எண்ணை அழுத்தினாள். போன் ஓஃப். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அக்கா போனாளா, சிரித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாளா? முக்கால் மணித்தியாலம் அந்த நாற்காலியை விட்டு அவளால் எழும்ப முடியவில்லை. பிறகு தெரியாத ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார்ஜ் முடிஞ்சு போச்சுடி. ஸ்கூல்லதான் இருக்கோம். ரெண்டு குடும்பம் வரலன்னாங்க. இப்ப கிராம சேவகர் வந்து அவங்களயும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு."

சனிக்கிழமை காலை சரிவு இறங்கியது. நாலாவது காம்பராவிலிருந்து ஏழாவது வரை பின்சுவர் உடைந்து மண் உள்ளே வந்துவிட்டது. ஆள் யாரும் இருக்கவில்லை.

அன்று பகலே கிருஷாந்தி பழைய ஆறு நாளின் கணக்கையும் திரும்பப் போட்டாள். செவ்வாய்க்கிழமை ஒன்று தசம் பூச்சியம் எட்டு. புதன்கிழமை ஒன்று தசம் பூச்சியம் ஐந்து. இரண்டு நாளும் ஆபத்தில்லை என்றே அறிக்கை போயிருந்தது.

"ஆக்கள் தப்பிட்டாங்கதானே. இத யாரும் கேக்கப் போறதில்ல," என்றார் நப்ரீஸ்.

"கேக்காட்டியும் எழுதுறேன் சேர்."

எழுதி, பெயர் போட்டு, அவரிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டுத் தானும் கீழே கையெழுத்து வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போனாள். மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்த வகுப்பறையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய் ராத்திரியே வெளியேறியிருக்க வேண்டும் என்பதையும்.

நேசராணி பிள்ளையின் தலையைத் துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"செவ்வாக்கெழம கூர ஒழுகுச்சுடி. பிள்ளைகள பின்செவத்து ஓரமா படுக்க வச்சேன்," என்றாள்.