இன்னாசி தூக்கிய கை

அப்பனின் தலையைத் தாங்கிப் பெட்டிக்குள் வைக்கும்போதும் இன்னாசிக்கு ஒரே குழப்பம்தான். இழவுக்கு வந்த சனம் பந்தலில் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. கிழவரைக் கொன்றது டெல்லி என்றது ஒன்று. இல்லை, நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதான் என்றது மற்றது.

செத்துப்போன ஆரோக்கியமுத்து முப்பது வருசமாக அபின் தின்றவர். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது. முட்டிவலிக்கு டாக்டர் சீட்டு, சர்க்கார் பர்மிட், ஊரிலேயே லைசென்ஸ் கடை. அந்தக் கடையை மூடச் சொல்லித்தான் தை மாசம் பிரசிடெண்ட் கண்ணுசாமி தீர்மானம் கொண்டுவந்தார்.

"டெல்லி உத்தரவு வந்தாச்சுப்பா. நாம கையத் தூக்குனாலும் மூடத்தான் போறான், தூக்காட்டியும் மூடத்தான் போறான். ஊருக்கு ஒரு நல்ல பேரு, அம்புட்டுத்தான்."

இன்னாசி பஞ்சாயத்து மெம்பர். கூட்டத்துக்கு முதல்நாளே வீட்டில் அப்பனைக் கேட்டிருந்தான். "ஊரோட ஒத்துப் போடா. நீ மட்டும் கைய மடக்கிக்கிட்டு இருந்தா என்னைய வச்சுக் கேலி பேசுவாங்க" என்றார் கிழவர். போய்க் கையைத் தூக்கிவிட்டு வந்தான்.

பத்தே நாளில் கடைக்குப் பூட்டு விழுந்தது. கிழவர் வலியில் முறுக்கிக்கொண்டார், வயிறு நிற்காமல் போயிற்று. மாட்டுவண்டியில் படுக்கவைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனால், "இந்தப் பர்மிட்டு ஒங்க ஊர்க் கடைக்குத்தான் செல்லும்" என்று அங்கே அபின் கடையில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் முடிந்துபோனார்.

"யாரு கொன்னா என்னடா இப்ப? வெயில் ஏறுது, பெட்டிய மூடு" என்றாள் அத்தை ஜெபமாலையம்மாள். அவள் ஒருத்திக்குத்தான் அங்கே புத்தி தெளிவாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கும்போது கண்ணுசாமி பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம்.

"மனசத் தளர விடாதய்யா. இன்னும் நாலு பெருசுக கெடந்து துடிக்குதுக. அடுத்த கூட்டத்துல தீர்மானத்த ரத்துப் பண்ணிருவோம். ஆபீஸ்ல கேட்டுட்டேன், மறுநாளே கடையத் தொறந்துருவாங்களாம்."

இன்னாசி அவர் பக்கம் திரும்பினான். "அப்ப டெல்லி உத்தரவு?"

"அது அம்பத்தொம்பதுலதான் வருதாம். இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

"வந்தாச்சுன்னு சொன்னீங்களே."

"நானும் அப்படித்தான்யா நெனச்சேன்."

அப்பனைத் தானே கொன்றுவிட்டதாக இன்னாசிக்குத் தோன்றியது. அப்பன் சொல்லித்தானே செய்தோம் என்றும் தோன்றியது. ரெண்டில் எது நெசம் என்று யாரைக் கேட்பது?

சாமியார் செபம் முடித்து ஒரு பிடி மண்ணைப் போட்டார். அடுத்தது மகன் போட வேண்டும், அப்புறம்தான் ஊர். இன்னாசி குனிந்து மண்ணை அள்ளினான்.

குழியைச் சுற்றி ஊரே ஆளுக்கொரு பிடி மண்ணோடு நின்றது. இன்னாசி போடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.