நாற்பத்திரண்டு வார்த்தைகள்

முக்கால் மணி நேரமாக, கடைக்கு வந்த அந்த மனிதர் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஷீல்டுக்காரம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வீடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

அந்த நோட்டு அவளே எழுதி வைத்தது. மனிதரைப் பாராட்டுகிற இங்கிலீஷ் வார்த்தைகள், நம்பர் போட்டு, மொத்தம் நாற்பத்திரண்டு. விஷனரி, அவுட்ஸ்டாண்டிங், எக்ஸலண்ட் என்று ஆரம்பிக்கும். வருகிறவர்கள் நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார்கள், மெஷின் பொறித்துத் தள்ளிவிடும். இத்தனை வருஷத்தில் அவள் கவனித்த ஒன்று உண்டு. முதல் பத்து நம்பரும் மேலதிகாரிகளுக்குத்தான் போகும். வாட்ச்மேன், டிரைவர், பெருக்குகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தெட்டு, சின்சியர். அதற்குச் சின்ன சைஸ் ஷீல்டு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக அப்படி அமைந்துவிடுகிறது.

"கம்பெனியில அனுப்பினாங்கம்மா" என்றுதான் வந்ததும் ஆரம்பித்தார். லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி. ரிட்டயர் ஆன மெக்கானிக் ஒருத்தருக்கு ஷீல்டு வேண்டும், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

அந்தக் கம்பெனி ஆர்டரெல்லாம் மெயிலில்தான் வரும். போன வாரம்கூட ஒன்று செய்து கொடுத்தாள். ரிட்டயர் ஆகிற மேனேஜருக்கு, முதல் நம்பர், பெரிய சைஸ். ஒன்றே ஒன்று. இவர் சட்டையை அழகாக இஸ்திரி போட்டிருந்தார், ஆனால் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகவில்லை. அவளுக்குப் புரிந்துபோயிற்று. அடப்பாவமே, தனக்குத்தானே ஷீல்டு செய்துகொள்ள வந்திருக்கிறார். எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான், ஆனாலும் வாயைத் திறந்து கேட்க மனசு வரவில்லை.

"இந்த அவுட்ஸ்டாண்டிங்னா என்னம்மா?"

"மத்தவங்களை விட ஒரு படி மேலன்னு அர்த்தம் சார்."

"அவ்வளவு வேணாம். அவரோட இன்னொருத்தர் வேலை பார்த்தாரு. சத்தத்தை வச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிடுவாரு. அவரை விட மேலன்னு போட்டா பொய்யாயிடும்."

"சரி, எக்ஸலண்ட்? குறையே சொல்ல முடியாத வேலைன்னு அர்த்தம்."

"ஒரு தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கதவைச் சரியா பார்க்காம வந்துட்டாரும்மா. மறுநாள் போய்தான் சரி பண்ணாரு."

"டெடிகேட்டட்? வேலைதான் உசுருன்னு இருக்கறது."

"ஐயோ! மூணு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாரு."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. செய்ய வந்ததோ கள்ள ஷீல்டு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருக்கக் கூடாதாம். இப்படியும் ஒரு பிறவி!

"அப்போ முப்பத்தெட்டே போட்டுரலாமா சார், சின்சியர்?" என்றாள். சொன்ன வாயோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நோட்டை மெதுவாக மூடினார்.

"அது நான்தாம்மா" என்றார். "மேனேஜரும் நானும் ஒரே நாள்ல ரிட்டயர் ஆனோம். அவருக்கு ஷீல்டு குடுத்தாங்க. நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கை வலிக்கற வரைக்கும் தட்டினேன். அடுத்து நம்மளைக் கூப்பிடுவாங்கன்னு சட்டையை இழுத்து விட்டுக்கிட்டேன். எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

வீட்டில் மனைவி கேட்டபோது, பேர் பொறிக்கக் கொடுத்திருக்கிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அவள் அன்றைக்கே ஷோகேஸில் நடுத்தட்டைக் காலி பண்ணிவிட்டாள். யாரையும் தொடவிடாத கண்ணாடிக் கோப்பைகளைக்கூடப் பரணில் ஏற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். அவர் வீட்டு ஹாலில் வரிசையாக ஏழு ஷீல்டு இருக்கிறதாம், எல்லாம் இங்கிலீஷில்.

"தட்டு வெறுமனே இருந்தா அவ மூஞ்சியை நான் எப்படிம்மா பார்ப்பேன்?"

ஷீல்டுக்காரம்மா பேச்சை மாற்ற, எந்தெந்தக் கட்டடம் பார்த்தீர்கள் என்று கேட்டு வைத்தாள்.

"இதுவும் நம்மதுதான். மாசம் ஒரு நாள் லிஃப்ட் ஓடாதுன்னு போர்டு மாட்டுவேன்ல. நீங்க மூணு மாடி ஏறி வந்து திட்டுவீங்க. மேல மெஷின் ரூம்ல உட்கார்ந்திருக்கற எனக்கு நல்லா கேட்கும்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்புறம்தான் அந்தக் குரல் பிடிபட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே லிஃப்டில், இருட்டில், தனியாக இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டு அலறினாள். மேலேயிருந்து ஒரு குரல், காலையில் என்ன சமையல் என்று கேட்டது. வெங்காயம் நறுக்கியதிலிருந்து சொல்லவைத்தது. கதவு திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியில் இறங்கி ஓடினவள்தான்.

"கயிறு அறுந்துடுமான்னு கேட்டேனே, அது நீங்களா?"

"நாலு கயிறும்மா அது. ஒண்ணே தாங்கும்."

"விழாது, நான் சொல்றேன்லன்னு சொன்னீங்க."

"எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவேன்."

"நீங்க சொன்னதை மீறி ஒண்ணாவது விழுந்திருக்காண்ணே?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "ஒண்ணுகூட இல்ல!"

ஷீல்டுக்காரம்மா நோட்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினாள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றாள்.

மறுநாள் அவர் உறை பிரித்துப் பார்த்தபோது பெரிய சைஸ் இருந்தது, மேனேஜருக்குச் செய்த அதே சைஸ். மேலே அவர் பெயர். கீழே தமிழில், "முப்பத்தொரு வருஷம். ஒரு லிஃப்டும் விழவில்லை." அடியில் வழங்குபவர் என்ற இடத்தில், "ஏறி இறங்கியவர்கள்."

அவர் இரண்டு தடவை படித்தார்.

"கம்பெனி பேரு இல்லியேம்மா."

"கம்பெனி குடுக்கலையேண்ணே. நாங்கதானே குடுக்கறோம்."

"சம்பந்தி கேட்டா?"

"அவரும் லிஃப்ட்ல ஏறி இறங்கறவருதானேண்ணே?" என்றாள். நாலு வருஷமாகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனார். உறை மேஜைமேலேயே கிடந்தது. கூப்பிடலாம் என்று அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

லிஃப்ட் வந்து கதவு திறந்து நின்றது. அவர் ஏறவில்லை. ஷீல்டை விளக்குப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கதவு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது, லிஃப்ட் காலியாகக் கீழே இறங்கிப் போயிற்று.